ஃபால்ஸ் தைக்கும் நேரத்தில் கேட்ட பறவைப் பேச்சுகள்

எனக்குத் தையல் வேலை. அம்பாசமுத்திரத்தில் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டிருக்கிறேன். ஒன்று மோட்டார் மாட்டியது, மற்றது அம்மா கொடுத்த பழைய சிங்கர். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. ஆனால் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதும் ப்ளவுசுக்குக் கொக்கி வைப்பதும் கைவேலை, சத்தமே இருக்காது. ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைத்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். இணையத்தில் நடக்கும் பறவைப் பேச்சும் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். 2020 ஊரடங்கில் மகன் வீட்டோடு இருந்தபோது போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஃபால்ஸ் சேலைகளைத் தனியாக எடுத்து வைத்து, பேச்சு இருக்கிற நாளில்தான் தைக்கிறேன்.

கேட்டதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி, யார் பேசியது, எந்தப் பறவை, என்ன புதிதாகத் தெரிந்தது. கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘நாளை வேலை’ என்று போட்டிருக்கிறேன். பேச்சு முடிந்த மறுநாள் காலையில் நான் வெளியே போய்ப் பார்க்கவோ கேட்கவோ விசாரிக்கவோ ஏதாவது ஒன்று கிடைத்ததா என்பதுதான் அந்தக் கட்டம். கிடைத்தால் அது நல்ல பேச்சு. பேசியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பேச்சு எனக்கு மறந்துபோகிறது. எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கார்னெல். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்ற ஊரில் இருக்கும் பறவையியல் ஆய்வகம் அது. 1915ல் ஆர்தர் ஆலன் தொடங்கியது. பார்த்த பறவைகளை நாம் பட்டியல் போடும் ஈபேர்டு தளமும், குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியும் அவர்கள் தந்தவைதான். அங்கே திங்கட்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்காக ஒரு பேச்சு நடத்துவது பல காலமாக வரும் வழக்கம். இப்போது அதை இணையத்திலும் காட்டுகிறார்கள். காசு கிடையாது, பெயரைப் பதிவு செய்தால் போதும். அவர்களுக்குத் திங்கள் இரவு ஏழரை என்றால் நமக்குச் செவ்வாய் விடிகாலை ஐந்து மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு நமக்கு ஆறு மணி.

ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, காபியோடு உட்கார்ந்தால் தெருவில் ஒரு சத்தம் இருக்காது. பேச வருகிறவர்களில் ஆராய்ச்சி மாணவர்களும் உண்டு, வருடக்கணக்காக ஒரே தீவில் ஒரே பறவையைப் பார்த்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது, அவர்கள் தாங்கள் செய்த வேலையின் வழியைச் சொல்வது. எப்படிப் பிடித்தோம், எப்படி வளையம் மாட்டினோம், எங்கே தப்பாக நினைத்திருந்தோம் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறார்கள். நான் விலங்கியல் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அது முப்பது வருடத்துக்கு முந்திய கதை. அமெரிக்க ஆங்கிலம் காதுக்குப் பழக ஆறு மாதம் ஆனது. உங்களுக்கும் அப்படியென்றால் நேரலையை விட்டுவிட்டு, பிறகு பதிவைப் போட்டு, வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் தானாகவே புரியத் தொடங்கும்.

இந்தப் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்கிறவர்கள் சீக்கிரமே அந்த ஆய்வகத்தின் ஒலிக் காப்பகத்துக்குள்ளும் போய்விடுவார்கள். மெக்காலே நூலகம் என்று பெயர். நானும் போனேன். அங்கேதான் அந்தக் குரலைக் கேட்டேன்.

1935ல் ஆலனும் பீட்டர் பால் கெல்லாகும் இன்னும் சிலரும் லூசியானா மாநிலத்தில் ஒரு சதுப்புக் காட்டுக்குப் போனார்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் அப்போது அவ்வளவு கனம். லாரி போகாத இடத்தில் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தந்த நிற அலகு உள்ள ஒரு பெரிய மரங்கொத்தியின் குரலைப் பதிவு செய்தார்கள். கரகரவென்ற பின்னணிச் சத்தத்துக்கு நடுவே, திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கி ஊதுகிற பீப்பி மாதிரி ஒரு சின்னக் குரல். அவ்வளவு பெரிய பறவைக்கு இவ்வளவு சின்னக் குரலா என்று தோன்றும்.

அந்தக் காட்டின் பெயர் சிங்கர் டிராக்ட். தையல் மிஷின் செய்யும் அதே சிங்கர்தான். மிஷினுக்கு மேஜையும் பெட்டியும் செய்ய மரம் வேண்டும் என்று அந்தக் கம்பெனி ஏறத்தாழ 80,000 ஏக்கர் காட்டை வாங்கிப் போட்டிருந்தது. வெகுகாலம் வெட்டாமல் கிடந்ததால் மற்ற இடங்களில் காணாமல் போன அந்த மரங்கொத்தி அங்கே பிழைத்திருந்தது. ஜேம்ஸ் டானர் என்ற மாணவர் 1937 முதல் 1939 வரை அதைத் தேடித் தேடி ஆராய்ந்தார். அதற்குள் மரம் வெட்டும் உரிமை சிகாகோ மரக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டது. காட்டைக் காப்பாற்ற எவ்வளவோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. 1944 ஏப்ரலில் டான் எக்கல்பெரி என்ற ஓவியர், வெட்டி முடித்த காட்டின் மிச்சத்தில் ஒற்றைப் பெண் பறவையைப் பார்த்து வரைந்தார். எல்லோரும் ஒத்துக்கொள்கிற கடைசிப் பார்வை அதுதான். அமெரிக்க அரசு 2021ல் இதை அழிந்துபோன இனமாக அறிவிக்க முன்மொழிந்தது. 2023ல் 21 இனங்களை அப்படி அறிவித்தபோது இதை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் இடது கை சிங்கரின் மர மூடிமேல் இருந்தது. கறுப்பு உடம்பில் தங்க எழுத்து பாதி அழிந்த மிஷின். அடித்தட்டில் இருக்கும் எண் இரண்டு எழுத்தில் தொடங்குகிறது, முதல் எழுத்து ஆங்கில ஈ. அப்படித் தொடங்குபவை ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. அந்த மிஷினில் அம்மா தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதன் மேல் இருக்கிற பெயர்தான் அந்தக் காட்டின் பெயரும். அன்றைக்கு ஃபால்ஸ் தைக்க முடியவில்லை. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அந்தப் பதிவையே மூன்று நான்கு தடவை கேட்டேன்.

நோட்டில் ‘நாளை வேலை’ கட்டத்தில் ‘மரங்கொத்தி’ என்று மட்டும் எழுதினேன். மறுநாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பில் போய் நின்றேன். பொன்முதுகு மரங்கொத்தி அங்கே இருப்பது தெரியும், ஆனால் எந்த மரத்தில் என்று பார்த்ததில்லை. தலை போன ஒரு மொட்டைத் தென்னையில் இரண்டாள் உயரத்துக்கு மேலே வட்டமான பொந்து. விளிம்பு பச்சையாக, புதிதாகக் கொத்தியது. அடியில் மரத்தூள் சிதறிக் கிடந்தது. அந்த மரத்தை விறகுக்கு வெட்டப்போவதாகத் தோப்புக்கார அண்ணாச்சி முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். போய்க் கேட்டேன். “அண்ணாச்சி, அந்த மொட்டைத் தென்னையை ஆடி முடியிற வரைக்கும் விட்டுவைங்களேன். குருவி கூடு வச்சிருக்கு.” அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். “நான் என்னமோ பொந்து விழுந்து கெட்டுப் போச்சுன்னுல்ல நெனச்சேன். சரிம்மா, நிக்கட்டும்” என்றார். அந்த மரம் இன்னும் நிற்கிறது. மரங்கொத்தி போன பிறகு மைனா குடிவந்திருக்கிறது.

அடுத்தது நம் நாட்டில் நடப்பவை. பேர்ட் கவுண்ட் இந்தியா குழுவினரின் பேச்சுகளைத் தவறவிடாதீர்கள். அதிலும் பறவைப் பட்டியல் எப்படிப் போடுவது, அந்தப் பட்டியல்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்று விளக்குபவற்றைக் கட்டாயம் கேளுங்கள். படம் குறைவு, வரைபடமும் எண்ணும் அதிகம். முதல் தடவை கேட்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். எனக்கு இவைதான் அதிகம் பயன்பட்டன.

பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறார்கள். காக்கையையும் விடக் கூடாது, எத்தனை என்றும் போட வேண்டும். ஏன் காக்கை வரை எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. பேச்சைக் கேட்டுத்தான் தெரிந்தது. அரிதான பறவையை மட்டும் எழுதினால், எழுதாத பறவை அங்கே இல்லையா, இருந்தும் எழுதவில்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாவற்றையும் எழுதிய நூறு பட்டியல் இருந்தால், அதில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று எண்ணலாம். வருடா வருடம் அந்த எண்ணிக்கை இறங்கினால் பறவை குறைகிறது என்று அர்த்தம். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட பட்டியல்களை வைத்துத்தான் 2023ல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 942 இனங்களை அலசி, 178 இனங்களுக்கு உடனே கவனம் வேண்டும் என்றார்கள். மயில் கூடியிருக்கிறது, குயில் கூடியிருக்கிறது. பனங்காடை நன்றாகக் குறைந்திருக்கிறது.

பனங்காடை குறைகிறது என்றதும் எனக்குத் திக்கென்றது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கம் மின்கம்பிக்குக் கம்பி உட்கார்ந்திருக்கும் பறவை அது. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறக்கும்போது இரண்டு இறக்கையும் நீலம். மாதம் ஒருமுறை லைனிங் துணியும் நூலும் வாங்கத் திருநெல்வேலிக்குப் போகிறேன். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் போகிற பேருந்து. இப்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பிகளை எண்ணிக்கொண்டே போகிறேன். கரிச்சான் எத்தனை, பஞ்சுருட்டான் எத்தனை, பனங்காடை எத்தனை. போன கார்த்திகையில் ஒரு தடவை போய் வந்ததில் பனங்காடை ஐந்து. இந்தக் கட்டம் என் நோட்டில் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

இனி குறைகள். பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் பேச்சு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெரிய குறை ஒலி. ஒரு மாலை, குளிர்கால வலசைப் பறவைகளைப் பற்றித் தமிழில் ஒரு பேச்சு. நல்ல பேச்சாளர், விஷயம் தெரிந்தவர். “இப்போது ஆறுமணிக் குருவியின் குரலைக் கேளுங்கள்” என்றார். ஒன்றும் கேட்கவில்லை. திரையில் படம் இருக்கிறது, அவர் புன்னகையோடு தலையசைத்துக்கொண்டிருக்கிறார், எங்களுக்கு அமைதி. “கேட்டீர்களா, எவ்வளவு தெளிவான இரண்டு சீழ்க்கை?” என்றார். எழுத்துப் பெட்டியில் நாற்பது பேர் கேட்கவில்லை என்று போடுகிறோம், அவர் அதைப் பார்க்கவில்லை. அடுத்து ஐந்து பறவைகளின் குரலையும் அப்படியே போட்டு முடித்தார்.

காரணம் என்னவென்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூட்டம் நடத்தும் செயலிகள் மனிதக் குரலை மட்டும் தெளிவாக அனுப்புவதற்காக மற்ற சத்தத்தையெல்லாம் இரைச்சல் என்று அமுக்கிவிடுகின்றன. மின்விசிறிச் சத்தமும் ஆறுமணிக் குருவியின் சீழ்க்கையும் அதற்கு ஒன்றுதான். திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியையும் சேர்த்துப் பகிர்வதற்கு ஒரு தேர்வு இருக்கிறது, இரைச்சல் நீக்கத்தை அணைப்பதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது. இரண்டையும் பேச்சுக்கு முன்னால் சரிபார்த்துவிட்டு, வேறு ஒரு போனில் வேறு ஒருவர் கேட்டுச் சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலை. பறவையின் குரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு அந்தக் குரலை மட்டும் விட்டுவிடுவது, துணியெல்லாம் வெட்டித் தைத்துக் கழுத்தை வெட்டாமல் கொடுப்பது மாதிரி இருக்கிறது. இந்தக் குறையை நான் ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, பத்துப் பதினைந்து இடத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சான்றிதழ். ஊரடங்குக் காலத்தில் தினமும் நான்கு அழைப்பிதழ் வரும், எல்லாவற்றிலும் மின்சான்றிதழ் உண்டு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பேச்சு தொடங்கியதிலிருந்து ‘படிவம் எப்போது வரும்’ என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். படிவம் வந்த நொடியில் பாதிப்பேர் போய்விடுவார்கள். பேசுகிறவர் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஆளே இருக்காது. ஐந்நூறு ரூபாய் கட்டி இரண்டு நாள் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அதில் வெண்மார்பு மீன்கொத்தி என்று சொல்லிச் சிறு மீன்கொத்தியின் படத்தைக் காட்டினார்கள். சுட்டிக்காட்டியதற்குப் பதில் இல்லை. சான்றிதழ் மட்டும் அன்று இரவே வந்துவிட்டது. காசு கட்டுவதற்கு முன், அந்த ஆட்களின் இலவசப் பேச்சு ஏதாவது பதிவாக இருக்கிறதா என்று ஒன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

என்னை மிகவும் வருத்தியது வேறு ஒன்று. பாறைக் குன்றுகளில் இருக்கும் கொம்பன் ஆந்தையைப் பற்றி ஒரு பேச்சு. குஞ்சுகளின் படம் போட்டார்கள். எந்த இடம் என்று ஒருவர் கேட்டார். பேசியவர் ஊர்ப் பெயர், கோயிலுக்குப் பின்னால் எந்தப் பாறை என்பது வரை சொல்லிவிட்டார். இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில். ஈபேர்டிலேயே இப்படிப்பட்ட சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்து வைக்கிறார்கள். கூட்டின் முன்னால் இரண்டு கார் ஆட்கள் கேமராவோடு நின்றால் தாய் இரை கொண்டு வராது. அந்தப் பகுதியை மட்டுமாவது பதிவிலிருந்து வெட்டிவிடுங்கள் என்று எழுதினேன். வெட்டினார்கள், அதற்கு நன்றி. நல்ல அமைப்பாளர்கள் பேச்சாளரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வைக்கிறார்கள்.

சரி, நல்லதுக்கு வருகிறேன். பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றிய பேச்சுகள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை உலகப் பாறு விழிப்புணர்வு நாள். அந்த வாரத்தில் எப்படியும் ஒன்றிரண்டு பேச்சு இருக்கும், தமிழிலும் இருக்கும். இவற்றைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஒரு துப்பறியும் கதைக்கு இருக்கிற இழுப்பு இந்தக் கதைக்கு இருக்கிறது.

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்துபோயின. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கழுத்தைத் தொங்கப் போட்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும், பிறகு விழுந்து செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசினது போல் வெள்ளைப் படிவு. சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அது. நோயா, பூச்சிமருந்தா என்று தேடித் தேடி, கடைசியில் மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று கண்டுபிடித்து 2004ல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறும் செத்தது. 2006ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்று, 2015ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023ல் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் தடை வந்தது. தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் இன்னும் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது.

அப்படி ஒரு பேச்சின் கடைசியில், கால்நடை வைத்திருக்கிறவர்கள் மெலாக்சிகாம் என்ற வலிமருந்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள், அது பாறுகளைக் கொல்லாது என்றார்கள். என்னிடம் மாடு இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இரண்டு பசு இருக்கிறது. மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது தொழுவத்து மாடக்குழியில் பழைய மருந்துக் குப்பிகள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தூசியைத் துடைத்துப் பெயரைப் படித்தேன். “என்னத்தத் தேடுத?” என்றாள் ஆச்சி. சொன்னேன். “பாறா? எங்க அய்யா காலத்துல மாடு செத்தா அதுக வந்துதான் ஒரு நாளையில முடிக்கும். இப்ப நாயில்லா இழுக்கு” என்றாள். குப்பிகளில் ஒன்று மெலாக்சிகாம். அதை ஆச்சியிடம் காட்டி, இனி ஊசி போட வருகிறவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும் என்றேன். எழுத்தைப் படிக்கத் தெரியாததால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குப்பியைத் தனியாக மேல் மாடத்தில் எடுத்து வைத்தாள்.

தமிழில் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பேச்சு என்று அறிவித்துவிட்டு, பறவையின் பெயரையெல்லாம் ஆங்கிலத்திலேயே சொல்லி, நடுவில் ‘ஆகவே’, ‘அப்படியென்றால்’ மட்டும் தமிழாக இருப்பவை நிறைய. அதனால் இழப்பது எவ்வளவு என்று எனக்கு ஒரு நாளில் தெரிந்தது. வரித்தலை வாத்து பற்றிய பேச்சு. பேசிய இளைஞர் எல்லாப் பெயரையும் தமிழில் சொன்னார்: கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி. என் மாமியார் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தட்டோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் பிறந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், கூந்தன்குளத்துக்குக் கிட்டே. அதுவரை நான் கேட்ட எந்தப் பேச்சுக்கும் அவர் திரும்பிப் பார்த்தது கிடையாது.

கூந்தன்குளம் 1994ல் சரணாலயம் ஆனது, 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருவது அதற்கெல்லாம் முன்னாலிருந்தே. பேசியவர் அதைச் சொல்லும்போதே அத்தை முந்திக்கொண்டார். “பிரசவத்துக்கு வந்த பிள்ளைன்னுதான் சொல்லுவோம் அதுகள. தீவாளிக்கு அந்த ஊர்ல வெடி போட மாட்டாங்க. குளத்துத் தண்ணி பாஞ்சா உரமே வேண்டாம்.” அதைக் கேள்வி நேரத்தில் அவரையே பேசச் சொன்னேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்பது வயதில், எழுபது பேர் கேட்கப் பேசினார். பேச்சாளர் இடையில் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை.

வரித்தலை வாத்துகள் இமயமலையை எப்படித் தாண்டுகின்றன என்பதைப் பேச்சாளர் நன்றாகச் சொன்னார். சிகரத்துக்கு மேலே நேர்கோட்டில் பறக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பறவைகள் மேல் கருவி கட்டிப் பார்த்ததில், அவை மலையின் வடிவத்தை ஒட்டியே ஏறி இறங்கிப் பறப்பது தெரிந்திருக்கிறது. மேலே காற்று மெலிது, சிறகடிக்க அதிகச் சக்தி ஆகும். ஏறின உயரத்திலேயே இருப்பதைவிட, பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுவது அதற்கு லாபம். அப்படியிருந்தும் ஒரு பறவை 7,290 மீட்டர் வரை போனதாகப் பதிவாகியிருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விட்ட வாத்துகளைக் கர்நாடகத்துக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ‘நாளை வேலை’ அதிலிருந்து வந்தது. ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போனோம். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மையத்தார் 2011லிருந்து நடத்துவது, நானும் மூன்று வருடமாகப் போகிறேன். வாத்துக் கூட்டம் எங்கே கண்ணில் பட்டாலும் ஒவ்வொரு கழுத்தாக இரவல் பைனாகுலரில் பார்த்தேன். பட்டை எதுவும் இல்லை. ஆனால் கழுத்து கழுத்தாகப் பார்த்ததில் எண்ணிக்கை சரியாக வந்தது, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் எண்ணியதைவிட பதினொன்று கூட.

நடைமுறையில் இரண்டு விஷயம். நேரலையா பதிவா என்று கேட்டால், நம் ஊர்ப் பேச்சுகளை நேரலையில் கேளுங்கள். கேள்வி நேரத்தில்தான் உள்ளூர்க்காரர்கள் பேசுவார்கள், பல அமைப்பாளர்கள் அதைப் பதிவில் வெட்டிவிடுகிறார்கள். டேட்டா செலவு அதிகம் என்று நினைத்தால் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், ஒலிக்கு ஒன்றும் ஆகாது. என்னைப் போல் கைவேலையோடு கேட்பவர்களுக்காகப் பேச்சாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ‘இங்கே பாருங்கள், இது இப்படி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். கண் தெரியாத ஒருவர் ஒரு பேச்சில் கேள்வி கேட்டார். அந்தப் பேச்சாளர் அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தையும் சொல்லாலேயே காட்டினார். அன்றைக்கு நான் தலை நிமிராமலே ஒரு சேலை முடித்தேன்.

போன நவம்பரில் கார்னெல் பேச்சு ஐந்திலிருந்து ஆறு மணிக்கு மாறிய முதல் செவ்வாய்க்கிழமை. இன்னும் முழுதாக விடியவில்லை. திரையில் பேச்சாளரை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பின்கட்டு முருங்கைக்கு அந்தப் பக்கம் இரண்டு சீழ்க்கை, ஒன்றன்பின் ஒன்றாக. கொஞ்சம் விட்டு மறுபடியும் இரண்டு. அந்த வருடத்து ஆறுமணிக் குருவி வந்துவிட்டது. இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்து வருகிற பறவை. பேச்சு அப்படியே ஓடட்டும் என்று போனை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, மடியில் இருந்த சேலையை ஊசியோடு ஒதுக்கி வைத்துவிட்டு, பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். அத்தை எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தார்.